ஆதாரம் கேட்கும் ஞாயிற்றுக்கிழமை

கடவுள் இல்லை என்பதில் லிஃப்ட்காரருக்குச் சந்தேகமே கிடையாது. தன் கூட்டத்துக்கு ஆள் இல்லை என்பதுதான் கவலை.

பெரிய கட்டிடங்களில் லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் தொழில். வாரம் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருவார். வாழ்க்கையில் மட்டும் ஒரு மாடிகூட ஏறவில்லை. அந்தக் குறை தீரத்தான், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று இணையத்தில் 'கேள்வி வட்டம்' தொடங்கினார். ஞாயிறு காலை, மற்றவர்கள் கும்பிடப் போகிற நேரத்தில் இவர்கள் திரை முன்னால் கூடுவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குடைவார்கள். சட்டமெல்லாம் இவர் எழுதியது. ஆதாரம் இல்லாமல் யாரும் எதையும் சொல்லக் கூடாது. யாரோ சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது, கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் திரை நிறைய முகங்கள். பிறகு முகங்கள் போய்ப் பெயர்கள் மட்டும் நின்றன. பிறகு பெயர்களும் போயின. போன வாரம் வந்தவர்கள் ஓய்வுபெற்ற ஃபிசிக்ஸ் வாத்தியார், ஒரு நர்ஸம்மா, அப்புறம் ஒரு சீலிங் ஃபேன். ஃபேனுக்குச் சொந்தக்காரர் கடைசிவரை தென்படவில்லை. அடுத்த வாரமும் இதே கதி என்றால் வட்டத்தை இழுத்து மூடிவிடலாம் என்றார் வாத்தியார்.

லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் அவரை யாரும் மதிப்பதில்லை; வீட்டில் கேட்கவே வேண்டாம். அவர் பேச நாலு பேர் தலையாட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். அதுவும் போனால் மிச்சம் லிஃப்ட் மட்டுமே.

மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தலைப்பைப் பிடித்தார்: 'நம்பிக்கையற்றவன் வீட்டில் ஆணும் பெண்ணும் சமம்.' வீட்டு வேலையில் சரிபாதி தன்னுடையது என்றும், அதற்குத் தன் மனைவியே சாட்சி சொல்வாள் என்றும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். அடுத்தவன் வீட்டு விஷயம் என்றால் வராமலா போவார்கள்?

அனுப்பிய பிறகுதான், அதை மனைவியிடம் சொல்ல வேண்டுமே என்று உறைத்தது. அவள் ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில் சூப்பர்வைசர். கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களை, குரலை உயர்த்தாமலே மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்புகிறவள்.

"பாதி வேலை நீங்க செய்றீங்களா? எந்தப் பாதிங்க?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

"சாப்பிடறதையும் வேலைல சேத்துக்கிட்டா கணக்கு சரியாத்தான் வரும்."

"கிண்டல் பண்ணாத. நீ வந்து கொஞ்ச நேரம் உக்காந்து, ஆமான்னு சொன்னாப் போதும்."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய் இல்ல. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்றோம். இனிமே செய்வேன்ல?"

"எப்போலேர்ந்து?"

"அது... கூட்டம் முடியட்டும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "நெஜமாவே வட்டத்தை மூடிடுவாங்களா?"

"மூடிடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல."

"சரி விடுங்க, வரேன். வெறும் ஆமான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நல்லாவே சொல்றேன்."

இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லி ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர், அன்றைக்குப் பார்த்து நம்பிவிட்டார்.

ஞாயிறன்று திரை நிரம்பி வழிந்தது. மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"பாதின்னு அவர் சொல்றது தன்னடக்கம்," என்று ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமைன்னா என்னை அடுப்படிப் பக்கமே விட மாட்டார். பாத்திரம் தேய்க்கறது, பாத்ரூம் கழுவறது, துணி மடிக்கறது, எல்லாமே அவர்தான்."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சு விம்மியது. எல்லோரும் கைதட்ட, வாத்தியார் மட்டும் அசையவில்லை.

"சார், உங்க சட்டப்படி ஒருத்தர் சொல்றது ஆதாரம் ஆகாதே. அதுவும் சொந்த மனைவி."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன், ஐயா," என்றாள் அவள், கஸ்டமர் கேர் குரலில். "இத்தனை நாளா அடுத்த ரூம்லேர்ந்து உங்க சட்டமெல்லாம் என் காதுல விழுந்துக்கிட்டுதானே இருக்கு? என் பேச்சை நம்பாதீங்க. நீங்களே பாருங்க. லேப்டாப்பை அடுப்படிக்குத் தூக்கிட்டு வரேன்."

"இப்பவா?" என்றார் லிஃப்ட்காரர்.

"எப்பவும் செய்யறதுதானே?"

தொட்டியில் முந்தின நாள் பாத்திரம் மொத்தமும் குவிந்து கிடந்தது. வழக்கமாக ஒரு டம்ளரைக்கூடக் கழுவாமல் மிச்சம் வைக்காதவள் அவள். லிஃப்ட்காரர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேஜை துடைக்கும் துணியால் வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தார். சோப்பு நுரை முழங்கைவரை ஏறியது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் நழுவி விழுந்து போயே போய்விட்டது.

"சார் தடுமாறுறாரே?" என்றார் நர்ஸம்மா.

"இத்தனை பேர் பாக்கறீங்கள்ல, கூச்சம். பழகிடுவார்."

"இது போதும்ல, வாத்தியாரய்யா?" என்று அவளே கேட்டாள்.

"ஒரு தடவை பாத்தா அது தற்செயலா இருக்கலாம்மா. திரும்பத் திரும்பப் பாக்கணும். சாரோட சட்டம்."

"அப்போ வாராவாரம் வாங்க," என்றாள் மனைவி. "எங்களுக்குச் சிரமமே இல்ல."

வாராவாரம் பார்ப்பதா என்ற ஓட்டெடுப்பில் அத்தனை கைகளும் உயர்ந்தன. ஃபேனுக்குச் சொந்தக்காரர்கூட முகம் காட்டிக் கை தூக்கினார்.

வட்டத்தை யாரும் மூடவில்லை. வாரத்துக்கு வாரம் கூட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. குழாய்க்கு மேலே நிறுத்தி வைத்த போனில் லிஃப்ட்காரர் தேய்ப்பது தெரியும். அவர் தேய்க்கும்போது பேச ஒரு ஆள் வேண்டுமே, ஹாலில் லேப்டாப் முன்னால் மனைவி உட்கார்ந்துவிட்டாள். போனில் வந்து கத்துகிறவர்கள் எதை எதையெல்லாம் நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, வாத்தியாரே குறிப்பெடுத்தார். பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றி லிஃப்ட்காரர் தயாரித்து வைத்திருந்த உரையை வாணலியின் அடிப்பாகம் மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிறு அவரால் தாங்க முடியவில்லை. வட்டம் மூடினாலும் மூடட்டும் என்று துணிந்து, ஈரக் கையோடு போன் முன்னால் போய் நின்றார். தான் இதற்குமுன் ஒரு கரண்டிகூடக் கழுவியதில்லை, சொன்னதெல்லாம் பொய், தன் சட்டத்திலேயே அவள் தன்னை மாட்டிவிட்டாள் என்று மனம்விட்டுக் கொட்டித் தீர்த்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரையில் ஒரு முகமும் மாறவில்லை.

"மேடம், சார் ஏதோ பேசற மாதிரி தெரியுதே?" என்றார் நர்ஸம்மா.

"பாத்திரச் சத்தம் இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் மியூட்ல போட்டு வச்சிருக்கேன். வேலை செய்யும்போது பாடுவார்."

"அழற மாதிரியில்ல இருக்கு?"

"சோகப் பாட்டு," என்றாள் மனைவி.