நடுச் சீட்டு

பிக்கப் வண்டியின் சீட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங் எழுந்து நின்றது. அதுவும் சரியாக நடுவில், மாமியார் உட்காரும் இடத்தில்.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். முகத்தில் கவலையைக் கொண்டுவர அவர் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

"எலி வேலையா இருக்கும்," என்றார் மாமியார், பின்னாலிருந்து.

"இருக்கும் அத்தை. இனிமே இதுல எப்படி உட்காருவீங்க?"

"அதானே," என்றார் மாமியார்.

அது டாக்டரைவிட வயதில் மூத்த வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரிவரை போய் வரலாம் என்றுதான் ஆசை ஆசையாக வாங்கினார். வாங்கின மாதமே மாமியார் வந்து சேர்ந்தார். மனைவிக்கு ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் தலை சுற்றும். ஆகவே மாமியார் நடுவில். கியர் மாற்றும்போதெல்லாம் டாக்டர், "அத்தை, முழங்கால்," என்பார். மாமியார் முழங்காலை ஒதுக்குவார். ஏரி வரும். மூன்று பேரும் பார்ப்பார்கள். திரும்பி வருவார்கள்.

டாக்டருக்கு மனைவியோடு தனியாகப் பேச வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வீட்டில் தாயும் மகளும் பேசுவார்கள். கிளினிக்கில் எல்லாரும் வாயைத் திறந்து வைத்திருப்பார்களே தவிர, பேச மாட்டார்கள். வாரத்தில் மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான், அதற்கும் நடுவில் ஒரு முழங்கால். இதை வெளியே சொன்னால் வீடு இரண்டாகும்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தார்.

"அந்தச் சீட்டு இனிமே தேறாது. தனித்தனியா ரெண்டு சீட்டு போட்டுடலாம்னு பார்க்கறேன். முதுகுக்கும் நல்லது."

"அப்ப அம்மா?" என்றாள் மனைவி.

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

"எனக்கென்ன," என்றார் மாமியார். "நான் வீட்டுலயே இருந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

மனைவியின் கண் உடனே நனைந்தது. டாக்டர் மனதுக்குள் மாமியாருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே வண்டியில் ஏறி உட்காரும் சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்?

பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் இடத்தில் அரை நாள் அலைந்தார். தொழில் புத்தி, ஒவ்வொரு காருக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு பணக்காரக் காரிலிருந்து இரண்டு தோல் சீட்டுகள் அகப்பட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

அவற்றைப் பொருத்த வந்த சீட்டுக்காரர் எதற்குமே முடியாது என்று சொல்லாதவர்.

"இந்த வண்டிக்கு இது சரியா வருமா?"

"பண்ணிடலாம் சார்."

"அளவு பார்க்க வேண்டாமா?"

"பார்த்துப் பண்ணிடலாம் சார்."

பழைய சீட்டின் துருப்பிடித்த போல்ட்டுகளை டாக்டரே கழற்றினார். பிடுங்குவது அவருக்குக் கைவந்த கலை. ஸ்பிரிங் எதற்காவது ஆகும் என்று சீட்டுக்காரர் பழைய சீட்டைத் தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

புதுச் சீட்டுகள் உள்ளே போயின. டாக்டர் ஏறி உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது.

"குறைச்சிடலாம் சார்," என்ற சீட்டுக்காரர் அடிக்கம்பியை வெட்டி எறிந்துவிட்டுச் சீட்டைத் தரையோடு தரையாக முடுக்கினார். இப்போது தலை இடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங்குக்கு மேலே டாக்டரின் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது சீட்டுகளை அல்ல, நடுவில் இருந்த இடைவெளியை.

"இங்க ஒரு ஸ்டூல் போட்டா அம்மா உட்கார்ந்துக்குவாங்களே."

"ஸ்டூல்ல எல்லாம் என்னால முடியாதும்மா. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

"பார்த்தீங்களா, எங்கம்மா எப்படி விட்டுக்கொடுக்கறாங்கன்னு."

டாக்டர் பார்த்தார். அன்றே அந்த இடைவெளிக்கு அளவாக ஒரு மரப்பெட்டி அடிக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டில், ஸ்பேனர் எல்லாம் வைக்க என்று காரணம் சொன்னார். பெட்டி கச்சிதமாக அடைத்துக்கொண்டது. இனி எறும்புகூட நடுவில் உட்கார முடியாது என்று நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் பார்த்தால் பெட்டியின் மேல் ஒரு மெத்தை. கத்தரிக்கோல் எங்கேயோ காணாமல் போயிருந்ததால் காய் நறுக்கும் கத்தியால் துணியை அறுத்து, மனைவி கையாலேயே தைத்திருந்தாள். பூப்போட்ட துணி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். டாக்டர் பூதத்துக்கு மெத்தையும் போட்டுக் கொடுத்திருந்தார்.

மூன்று பேருமாகத் தெருமுனைவரை ஒரு வெள்ளோட்டம் போனார்கள். மகளும் மருமகனும் பள்ளத்தில் இருக்க, மாமியார் நடுவில் நீதிபதி மாதிரி உயரத்தில் இருந்தார். கூரை இடிக்காமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். இரண்டாவது கியர் விழவில்லை, கியர்க் கம்பி பெட்டியில் போய் முட்டியது. முதல் கியரிலேயே வண்டி உறுமிக்கொண்டு போயிற்று. சைக்கிளில் வந்த ஒருவர் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது அந்தப் பக்கக் கண்ணாடியை மாமியார் மறைக்க, கேட் தூண் வண்டியை நன்றாக உரசிவிட்டது.

"அம்மாவை இப்படியா உட்கார வைக்கறது?" என்றாள் மனைவி. "உங்கம்மாவா இருந்தா பெட்டி மேல ஏத்தி வைப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் கிடையாது. டாக்டர் இறங்கி உரசல் விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்குத்தான் சொல்றேன், நான் வீட்டுலயே…"

"நீ சும்மா இரும்மா."

டாக்டர் சீட்டுக்காரரிடம் போய் நின்றார். "பழையபடி ஒரே நீளச் சீட்டா பண்ணிக் கொடுத்துடுங்க."

"பண்ணிடலாம் சார்."

தோற்றது தோற்றாயிற்று, தாராளமாகவே தோற்போம் என்று, நடுவில் மட்டும் இரண்டு மடங்கு பஞ்சு வைக்கச் சொன்னார். சாய்ந்துகொள்ள முதுகு, இடுப்புக்கு ஒரு பெல்ட். முழங்காலில் படாமல் கியர்க் கம்பியைக்கூட வளைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்து வண்டி வாசலில் நின்றது. டாக்டர் மாமியாரைக் கையைப் பிடித்து ஏற்றி, நடுவில் உட்கார வைத்து, பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டார். மாமியாரின் கண் கலங்கியது.

அதைப் பார்த்ததும் டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், வீட்டில் தனியாக இருக்கப் பயம் போலிருக்கிறது, வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்டவரையா கழற்றிவிடப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"அத்தை, இனிமே ஒரு ஞாயித்துக்கிழமைகூட உங்களை வீட்டுல தனியா விட மாட்டேன். இது என் வாக்கு."

மாமியார் பெல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

மனைவி வீட்டைப் பூட்டப் போனாள். சீட்டுக்காரர் டாக்டரை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். மனைவி தேடிக்கொண்டிருந்த அதே கத்தரிக்கோல்.

"உங்க பழைய சீட்டுக்குள்ள கிடந்துச்சு சார். கிடைச்சா உங்களுக்குத் தெரியாம தூரப் போட்டுடுன்னு உங்க மாமியார் சொல்லியிருந்தாங்க, நல்ல சாமான், எனக்குத்தான் மனசு வரலை. பாவம், 'சீட்டைக் கிழிச்சாலாவது ஞாயித்துக்கிழமை என்னை வீட்டுல நிம்மதியா விட்டுட்டுப் போவாங்கன்னு பார்த்தேன்'னாங்க."