உன் அக்காவின் புள்ளிகளும் என் கைப்பேசியும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் சுகம். நீ, தங்கை, குழந்தைகள் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு தொடங்குகிறேன். தப்பென்றால் பதிலில் திருத்திவிடு. நான் தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாக உன் அக்கா போனில் சொன்னாளாமே. அது பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

டாக்டர்கள் படித்து முடித்தவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடிவதே இல்லையாம். புதன்கிழமை தோறும் காலையில் அவளுடைய மருத்துவமனையில் வகுப்பு, வகுப்புக்கு ஒரு புள்ளி. போதுமான புள்ளி சேர்ந்தால்தான் அவளுடைய டாக்டர் பதிவைப் புதுப்பிப்பார்கள். சேராவிட்டால் ஒரு குழந்தைக்கு இருமல் மருந்துகூட எழுதித்தர முடியாது. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவதுதான் என் உத்தியோகம் என்று உனக்குத் தெரியும். காருக்குள் வேகுவானேன் என்று ஒருநாள் அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். இதய டாக்டர் மேஜைக்கு அடியில் போன் பார்க்கிறார், எலும்பு டாக்டர் பக்கத்தில் இருப்பவரிடம் பேனா இரவல் கேட்கிறார், காது மூக்கு தொண்டைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அசல் என் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. ஆனால் பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது மச்சான். விக்கல் ஏன் வருகிறது என்று ஒருவர் பாதி சொல்லிவிட்டு, மீதியை அடுத்த புதன் பார்க்கலாம் என்று போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் அக்காவைத்தான் எந்த வகுப்பிலும் முழுசாக உட்கார விடமாட்டார்கள். நடுவில் வார்டிலிருந்து அழைப்பு வரும். அப்படி ஒருநாள் எழும்போது என் காதருகே குனிந்து, "கடைசியில திரையில வருகைக்கான நம்பர் ஒண்ணு வரும், அதை ஆபீஸுக்கு மெசேஜ் போட்டுடுங்க, அதுக்குள்ள வந்துடப் பார்க்கிறேன்" என்றாள். வரவில்லை. நான் போட்டேன், என் போனிலிருந்து. 'நன்றி டாக்டர்' என்று பதில் வந்தது. மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவே வாரா வாரம் வழக்கமாகிவிட்டது. பிறகு வகுப்புகளை நடத்தும் அலுவலக அம்மா போன் செய்து, நான் எந்தத் துறை என்று கேட்டார். கணக்கு என்று உண்மையைத்தான் சொன்னேன். அவர் மருத்துவப் புள்ளியியல் என்று எழுதிக்கொண்டார். அது என் குற்றமா, சொல்லு.

மெசேஜ் எந்தப் போனிலிருந்து வருகிறதோ அந்தப் போன்காரர் பெயரில்தான் புள்ளி ஏறுமாம். வருஷக் கடைசியில் உன் அக்கா பார்த்தால் அவள் பெயரில் ஒரு புள்ளியும் இல்லை, எனக்கோ நானும் ஒரு டாக்டராகிவிடலாம் போல அவ்வளவு இருக்கிறது. அவள் கத்தியிருந்தால் தேவலாம். என்னை நேரே அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் எல்லாவற்றையும் மேடம் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று தயக்கத்தோடு கேட்டார்.

"பாதியில எழுந்து போனவ நான். உட்காராத வகுப்புக்கு எனக்குப் புள்ளி வேண்டாம்" என்றாள் உன் அக்கா.

அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது. என் கணக்கை அப்போதே அழித்துவிட்டு, வகுப்புகளின் வீடியோ பதிவு இருக்கிறது, முழுதும் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் புள்ளி உண்டு என்று வழி சொன்னார். அதனால் ஒரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. நான் எல்லாம் ஏற்கெனவே கேட்டவன் இல்லையா, விடையை முந்திக்கொண்டு சொல்லப்போய் இரண்டு தரம் என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தை பிழைக்காது என்பதைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பு. உன் அக்கா அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு தாயிடம் தான் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனதாகவும், உட்கார்ந்து சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னாள். எதையும் குடையாமல் விடாத நான், யார், எப்போது என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள், அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்கு வந்தும் அவளுக்குப் பேச்சு வராதாம். வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டு எழுந்த எத்தனையோ நாளை, என் மேல் கோபம் என்று நான் கணக்குப் பண்ணிவைத்திருந்தேன், மச்சான். பிறகு அவளே வீடியோவை ஓடவிட்டாள்.

நேற்றோடு வேண்டிய புள்ளி எல்லாம் சேர்ந்துவிட்டது. இனி நான் காரிலேயே உட்காருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். தங்கையிடம் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது அலுவலக அம்மா போன் செய்தார். உன் அக்கா வருஷத்தைத் தப்பாகப் படித்திருக்கிறாள். பதிவு முடிவது அடுத்த வருஷம்தானாம். அதற்கு அந்த வருஷப் புள்ளிதான் செல்லுமாம், இதெல்லாம் சேராதாம். வீடியோவும் இனி கிடையாது, நேரில்தான் வரவேண்டும், துணைக்கு யாராவது பின்வரிசையில் உட்கார்ந்தால் தடையில்லை என்றார். உன் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு படுகிறேன்.