கனகா கேட்ட விதை

விதையைக் காயவைக்க மாணிக்கவேலுக்கு வெயில் கிடைக்கவில்லை. அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை விருத்தாசலத்தை விடவே இல்லை. அதனால் தக்காளி விதையை, தான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்கே கொண்டுபோய்ச் சூளையோரம் வைத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தாளித்த கடுகுபோல் கருகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவன் மனைவி கனகா கேட்ட ஒரே காரியம் அது.

"செடி மழையில அழுவிப்போயிடும். நல்லா பழுத்ததாப் பாத்து வெத எடுத்து வச்சிருங்க. தை மாசம் வூட்டுக்கு வந்து நானே வெதைக்கிறேன்" என்றிருந்தாள்.

அவள் தை மாதத்தைப் பார்க்கமாட்டாள் என்று டாக்டர் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

செடியில் இன்னும் ஒரே ஒரு பழம்தான் மிச்சம். அதன் விதையைப் பேப்பரில் பரப்பி அடுப்படியில் வைத்தான். பேப்பரோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தெளித்து ஊறவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கோழி கொத்தித் தின்றுவிட்டது.

சாயங்காலம் கனகா கேட்டாள். "வெத காஞ்சிடுச்சாங்க?"

"காயுது, காயுது. நாளைக்குக் கொண்டாரேன்."

மறுநாள் அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதிர்த்துப் பொட்டலம் கட்டினான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே!

கனகா பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றிரண்டை விரலில் எடுத்து நிமிண்டிப் பார்த்தாள். பயத்தில் வியர்த்த முகத்தை மாணிக்கவேல் துடைத்தான். மிளகாய் கிள்ளிய கை கண்ணில் பட்டது. கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

"ஏங்க அழுவுறீங்க?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்று பொட்டலத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் வெளியே வந்துவிட்டான்.

அந்த வாரமே கனகா போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று பக்கத்து வீட்டுப் பூவாயி வந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தான். அவளைக் கண்டதும் மாணிக்கவேல் உடைந்துபோனான்.

"சாவப்போறவள ஏமாத்திட்டேன் பூவாயி. நான் குடுத்தது தக்காளி வெதயே இல்ல."

பூவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணிக்குத் தெரியும்ண்ணே. 'மொளகா வெதயக் குடுத்துட்டுக் கண்ணு எரிஞ்சிபோயி நிக்கிறாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. படுத்ததுலேருந்து அவங்க சிரிச்சது அன்னைக்கு ஒருநாள்தான்."