வீங்காத நரம்பு

“வீங்கின நரம்பைப் பாத்தாச்சு. வீங்காதது எப்படி இருக்கும்? அதையும் காட்டுங்க, பாப்போம்” என்றார் மேனேஜர்.

ஸ்கேன் டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டுக் கை மரத்துப்போகிறவர்களை அந்த ஆஸ்பத்திரியில் இதுவரை ஊசி குத்தி, கரண்ட் வைத்துத்தான் சோதித்தார்கள். கொஞ்சம் ஜெல் தடவி, வலியே இல்லாமல் ஸ்கேனில் கண்டுபிடிக்க ஆறு மாதம் பழகியிருந்தார் டாக்டரம்மா. அங்கே அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். மேனேஜர் இன்று சரி என்றால் நாளையே ஆரம்பம். இல்லையென்றால் சோதித்துப் பார்க்க வந்த மெஷின் திரும்பிப் போய்விடும்.

காலையில் வந்த நோயாளிக்கு நரம்பின் அளவு பதினாறு சதுர மில்லிமீட்டர். பத்தைத் தாண்டினாலே வீக்கம்தான்.

“இதோ, ஒரே நிமிஷம் சார்.”

ரிப்போர்ட் அடிக்கும் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். ஆள் வாட்டசாட்டம். ஸ்கேன் பதினான்கு காட்டியது.

“உங்களுக்குக் கை மரத்துப்போகுமா?”

டைப்பிஸ்ட் மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தார். “சேச்சே! எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்.”

“நல்லா இருக்கிற ஆளுக்கு நோய்ங்குதே?” மேனேஜரின் புருவம் ஏறியது.

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவை உள்ளே இழுத்து வந்தார் டாக்டரம்மா. பதினைந்து.

“அக்கா, கை மரத்துப்போகுதா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதும்மா” என்று அக்கா அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் கையையே பாருங்க சார்!”

பதின்மூன்று.

டாக்டரம்மா ஒரு மாதமாகக் காலையில் கையை உதறிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்; போனைப் பிடித்தால் நழுவுகிறது. ஆனால் அதைச் சொன்னால் இந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே!

“உங்களுக்குமா?” என்றார் மேனேஜர்.

“எனக்கா? இல்லவே இல்ல சார்” என்று வாய் முந்திக்கொண்டது.

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். “இதைப் பாருங்க.”

எட்டு. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான நரம்பு.

“பாத்தீங்களா! இருபது வருஷமா இந்த ஆஸ்பத்திரியையே தாங்குற கை. இதுல ஒரு குறையும் இல்ல. உங்க கைதான் வீங்கிப்போச்சாம்! மெஷின் உளறுது. திருப்பி அனுப்பிடுங்க.”

தரை துடைக்கும் அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜெல் காயாத கையை நிமிர்த்திக் காட்டினார்.

“மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். டைப் அடிக்கிறவரு கையை உதறுறதையும், அம்மா கையில போன் நழுவுறதையும் தினமும் பாக்கறேன். வேலை போயிடுமேன்னு நாங்க மூணு பேரும்தான் பொய் சொன்னோம். வேலை செய்யற கைதானே சார் மரத்துப்போகும்?”