வேலியை எடுத்ததால் வந்த வீட்டுக்காரர்

அன்பு மைத்துனர் போதகர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் உடல் நலமாக இருக்கிறோம். அங்கு குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மனநலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் எங்கள் சபைக்கு வந்து பிரசங்கம் செய்தீர்களே, பூமியும் அதில் உள்ள அத்தனையும் கடவுளுக்கே சொந்தம், மலையில் மேய்கிற மாடுகூட அவருடையது, நாம் வெறும் குடியிருப்பவர்கள் என்று, அதற்குச் சபையே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது. நான் ஒருவன்தான் நம்பித் தொலைத்தேன். ஓய்வுபெறும்வரை சர்வேயராக இருந்து, இது உன்னுடையது அது அவனுடையது என்று கல் நட்டவன் ஆயிற்றே, மனசு உறுத்தியது. ஒரு முழ நிலத்துக்காகப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரோடு பேச்சில்லாமல் இருந்த நான், மறுநாளே நடுவில் இருந்த கம்பிவேலியைப் பிடுங்கிப் போட்டேன். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “நிலம் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல சார், கடவுளோடது” என்றேன். “தலைவலிக்கு ஏதாவது குடுத்து விடட்டுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வினை அதற்குப் பிறகுதான். அவருடைய அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப் போயிருக்கிறது. வேலி இல்லாததால் பெரியவர் நேராக நடந்து வந்து என் தோட்டத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்து, இது தன் வீடு, நான் குடித்தனக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். “ரோஜாவ இப்படியா காய விடுவ? குடியிருக்க விட்டா ஒழுங்கா வச்சுக்க வேணாமா?” என்றார். “ஐயா, இது என்...” என்று ஆரம்பித்தேன், உங்கள் பிரசங்கம் தொண்டையில் சிக்கிக்கொண்டது, வாளியைத் தூக்கினேன். அடுத்து மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுக்கச் சொன்னார், ஏணியில் ஏறினேன். உங்கள் அக்காவிடம் முறையிட்டால், “வீட்டுக்காரர் சொன்னா செய்ய வேண்டியதுதான? இத்தனை வருஷமா நான் சொன்னேன், ஏறுனீங்களா?” என்கிறாள். டீயும் முதலில் அவருக்குத்தான். நேற்று போகும்போது என் தோளில் தட்டி, “நல்லாத்தான் வச்சிருக்க. காலி பண்ண வேணாம், நீயே இருந்துக்கோ” என்றார். சொந்த வீட்டில் இருக்க அனுமதி கிடைத்ததற்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். இதைவிட அவமானம் உண்டா?

எல்லைக்கல்லை நகர்த்தக் கூடாது என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறதாமே. ஒரு சர்வேயர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஆகவே சனிக்கிழமை வந்து மருந்துக்கடைக்காரரிடம் அதை எடுத்துச் சொல்லி, வேலியைத் திரும்பப் போட உதவவும். ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் ஊழியம் எங்கள் தெருவைத் தவிர எங்கும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: சனிக்கிழமை வர வேண்டாம். உறையை ஒட்டும்போது மருந்துக்கடைக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், “வீட்ல எங்க யாரையும் அப்பாவுக்கு அடையாளம் தெரியல சார். இங்க வந்தாதான் சிரிக்கிறாரு. ஆனா உங்களுக்குத் தொந்தரவு, நானே வேலி போட்டுடறேன்” என்றார். “வேலி போடணும்னா வீட்டுக்காரரைத்தான் கேக்கணும், நான் குடியிருக்கிறவன்” என்றேன். இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.