இப்போது குடியிருக்கும் வீடு

சர்க்கரை டப்பாவைக் காணோம். அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் இல்லை, கீழேயும் இல்லை. உப்பு கிடைத்தது, சோப்புத்தூள் கிடைத்தது, யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்புகூடக் கிடைத்தது. அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

"வந்துட்டேன் ஐயா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடினார் தேங்க்ஸ் சார்.

அது மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வைத்த பெயர். கண் பரிசோதிக்கிற வேலை. "மேல் வரியைப் படிங்க, தேங்க்ஸ். கீழ் வரியைப் படிங்க, தேங்க்ஸ்" என்று நாள் முழுக்க நன்றி சொல்லிச் சொல்லி, கடைசியில் தானாகத் திறந்துகொண்ட கண்ணாடிக் கதவுக்கும் ஒன்று சொல்லிவிட்டார். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததற்கும் தேங்க்ஸ் சொன்னார்.

ஊருக்குப் புதியவர். நாலு கட்டில் போட்ட லாட்ஜ் அறையில் ஒரு கட்டில் அவருடையது. மனைவியும் மகளும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறார்கள். "வீடு பார்த்துட்டீங்கதானே?" என்று மனைவி போனில் கேட்டபோது, "ஓ, ஜோரான வீடு!" என்று வாய் முந்திக்கொண்டது. அதை நம்பி அந்த அம்மாள் அங்கே இருந்த வீட்டைக் காலி செய்து, சாமான்களையும் லாரியில் ஏற்றிவிட்டாள். லாரி டிரைவர் இரண்டு நாளாக விலாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த லட்சணத்தில்தான் பெரியவர் கண் சோதனைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக்களைப் படித்துக்கொண்டே, தன் வீடு ஒன்று காலியாகக் கிடப்பதாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு தம்பி. ஆளைப் பார்த்து நான் வீடு கொடுக்கிறதில்லை. ஆளுங்க எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. அவங்க இப்போ குடியிருக்கிற வீட்டை நேர்ல வந்து பார்ப்பேன். அதை வச்சிருக்கிற மாதிரிதானே என் வீட்டையும் வச்சுப்பாங்க? லாட்ஜ்ல தங்கியிருக்கேன்னு யாராவது வந்தா, மூச்! கிடையாது."

வாய் வரைக்கும் வந்துவிட்ட லாட்ஜை தேங்க்ஸ் சார் அப்படியே விழுங்கினார்.

"தாராளமா வாங்க ஐயா. நாளைக்குச் சாயங்காலமே வாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பொண்டாட்டி, பொண்ணோட குடி மாறணும்."

சொல்லிவிட்டுப் பின்னறைக்கு ஓடினார். அங்கே லென்ஸ் தேய்க்கிற நண்பர் மெஷினை நிறுத்தி, விஷயத்தைக் கேட்டு, யார் என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், வளையத்திலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"நாளைக்கு நாங்க மாமியார் வீட்டுக்குப் போறோம். உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

"மாதிரி எல்லாம் போதாதுங்க. நிஜமாவே என் வீடுன்னு நினைக்கணும்," என்றார் தேங்க்ஸ் சார், கண் கலங்கி.

மாலையில் புதுக் கண்ணாடி வாங்க வந்த பெரியவரிடம் விலாசத்தை எழுதி நீட்டினார். பெரியவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"எழுத்து மங்கலா இருக்கா ஐயா? பவர் மாத்தித் தரட்டுமா?"

"வேணாம் தம்பி. பளிச்சுன்னு தெரியுது."

இதோ, இப்போது பெரியவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவரில் ஒரு பெரிய ஆணி. அதன் கீழே மேசை அகலத்துக்கு வெளுத்த சதுரம்.

"இங்க ஏதோ படம் மாட்டியிருந்தீங்க போல?"

இருந்தது. நண்பரும் அவர் மனைவியும் மாலையோடு நிற்கிற கல்யாணப் படம். தேங்க்ஸ் சார்தான் அரை மணி நேரம் முன்னால் இறக்கி ஒளித்தார்.

"எங்க கல்யாணப் படம் ஐயா. கண்ணாடி கீறிப்போச்சு. மாத்தக் கொடுத்திருக்கு."

"சரி, உள் ரூமைப் பார்க்கலாமா?"

உள் அறை இருட்டாக இருந்தது. தேங்க்ஸ் சார் சுவரெல்லாம் தடவினார். ஜன்னல் கொக்கி கையில் அகப்பட்டது. துணி மாட்டும் கம்பி அகப்பட்டது. பெரியவர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் ஐயா! நானே சில நாள் தேடுவேன்."

"எனக்கு நிறைய வீடு பார்த்த பழக்கம்."

வெளிச்சம் வந்ததும் வினையும் வந்தது. கட்டிலுக்குப் பின்னால் கல்யாணப் படம் பாதி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இது யாரு தம்பி?"

"இது... என் தங்கச்சியும் மாப்பிள்ளையும்."

"தங்கச்சி கல்யாணப் படத்தை எதுக்குக் கட்டிலுக்குப் பின்னால வச்சிருக்கீங்க?"

"மாப்பிள்ளையோட கொஞ்சம் மனஸ்தாபம்."

பெரியவர் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். "அடடா. பார்த்தா ஒழுங்கான ஆளாத் தெரியறாரே?"

"ஐயையோ, தங்கமான மனுஷன் ஐயா! கேட்டா உயிரையே கொடுப்பார்!"

"அப்புறம் என்ன மனஸ்தாபம்?"

"அதான் ஐயா, இன்னிக்கே சமாதானமாயிடலாம்னு இருக்கேன்," என்று தேங்க்ஸ் சார் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்து ஆணியிலேயே மாட்டினார். தங்கச்சி படத்துக்கும் தன் கல்யாணப் படத்துக்கும் எப்படி ஒரே அளவில் வெளுத்த சதுரம் என்று பெரியவர் கேட்கவில்லை. கேட்காததற்கு மனசுக்குள் ஒரு தேங்க்ஸ்.

"உங்களுக்குப் பொண்ணுன்னு சொன்னதா ஞாபகம். கொடியில காயறதெல்லாம் பையன் சட்டையா இருக்கே?"

"அவளுக்கு அதுதான் ஐயா பிடிக்கும்."

"அந்த மீசை வரைஞ்ச முகமூடியும்?"

"அதுவும் அவளுக்குத்தான்."

பேச்சை மாற்ற வேண்டுமென்று தேங்க்ஸ் சார் பெரியவரைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அது இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் தொட்டியின் மூலை உடைந்து, அதில் யாரோ பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

பெரியவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது எப்போ உடைஞ்சது? யார் உடைச்சது?"

போச்சு. ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்தில் மூட்டைகளுக்கு நடுவே மகள், "அப்பா, நம்ம வீடு எங்கே?" என்று கேட்கப்போகிறாள்.

மனைவி மேல் சொல்லிவிடலாம். ஆனால் எந்த மனைவி? சொந்த மனைவி பாவம், இவர் பேச்சை நம்பி வீட்டைக் காலி செய்தவள். நண்பரின் மனைவி பாவம், துடைத்து வைத்த வீட்டை முன்பின் பார்க்காத ஆளுக்கு விட்டுப் போனவள். குழந்தை மேல் போடலாம் என்றால், ஒற்றைச் செருப்பு கண்ணில் நின்றது.

"நான்தான் ஐயா. கை தவறி அம்மிக்குழவி கனத்துக்கு ஒரு பாத்திரத்தைப் போட்டுட்டேன். வேற யார் மேலயும் தப்பில்லை."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேனே."

"ஓ! சொல்லிட்டீங்களா? என்ன சொன்னார்?"

"சிரிச்சார் ஐயா. பாத்திரம்னா விழத்தான் செய்யும், பரவாயில்லைன்னு சொல்லிட்டார்."

"அவரா? பரவாயில்லைன்னா சொன்னார்?"

"அப்பேர்ப்பட்ட மனுஷன். ஊர் தெரியாத எங்களுக்கு ஒரு கூரை கொடுத்தவர். அவர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். ஆனா அவர் பெருந்தன்மையா இருக்கார்ங்கிறதுக்காக நான் விட்டுட முடியுமா? இந்த வாரமே என் செலவுல புதுத் தொட்டி வச்சுடுவேன்."

"உங்க செலவுல?"

"சத்தியமா."

பெரியவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. விடாமல் வந்தது. தேங்க்ஸ் சார் பதறிப்போய் டீயை நீட்டினார். சர்க்கரை இல்லாத டீ.

"சர்க்கரை சேர்க்காம குடிச்சா கண்ணுக்கு நல்லதுங்க."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அதைப் பார்க்கப் பார்க்கத் தேங்க்ஸ் சாருக்கு மனசு கரைந்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் இத்தனை புளுகா? வீடு போனால் போகட்டும். ரயில் நிலையத்திலேயே மனைவியின் காலில் விழுந்துவிடலாம்.

"ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இது என் வீடு இல்லை."

"அது எனக்குத் தெரியாதா? வாடகை வீடுதானே?"

"அப்படி இல்லை ஐயா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையை நீட்டுங்க."

நீட்டிய கையில் காலி வீட்டின் சாவி விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட நேரா அங்க போய் இறங்குங்க. இன்னொருத்தர் வீட்டுத் தொட்டிக்கே இவ்வளவு துடிக்கிறீங்க. என் வீடு உங்க கையில பத்திரமா இருக்கும்."

தேங்க்ஸ் சாருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேங்க்ஸ் வரவில்லை. இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்குச் சொல்லலைன்னாலும் பரவாயில்லை. உங்க தங்கமான மாப்பிள்ளைக்கு மறக்காம சொல்லிடுங்க," என்று பெரியவர் செருப்பை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கையில் ஈரத் துணியோடு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். பெரியவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஹவுஸ் ஓனர் ஐயாவா! இந்த வீட்டைப் பார்த்த கையோட எங்க வீட்டுக் குழாயையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க, இவங்களை மாதிரி நாங்களும்தானே உங்களுக்கு மாசாமாசம் வாடகை கொடுக்கிறோம்?"