அந்திக்கொக்கின் வலது கை

இனிப்புப் பெட்டி எவ்வளவு பெரியது என்பதைத்தான் சுகெதா முதலில் பார்த்தார்.

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த நாருமி அதை இரண்டு கைகளாலும் நீட்டியபடி இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது, குற்றம் எவ்வளவோ அவ்வளவு பெட்டி. இது நடுத்தரப் பெட்டி.

"சென்செய் பார்த்துட்டாங்களா?" என்று கேட்டார் சுகெதா. அப்போது அவர் பாதிக் கொக்காக இருந்தார். கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சிறகு உடுப்பு, கழுத்துக்கு மேலே ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆணின் முகம். அலகு வைத்த முகமூடி மடியில் கிடந்தது.

"பார்த்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'இது அவ இல்ல'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. மன்னிச்சுக்கங்க, சுகெதா-சான்."

சுகெதா பெட்டியைப் பிரித்தார். சிவப்புப் பயறு இனிப்பு. கவலை வந்தால் தின்பது அவர் சுபாவம். நாருமி நிமிர்வதற்குள் இரண்டு உள்ளே போய்விட்டன.

ஜப்பானியத் திரையில் உலகத்தைக் காப்பாற்றிய பெண்களில் பாதிப் பேர் சுகெதாதான். முகம் தெரிகிற வரைக்கும் நடிகை. உருமாறி முகமூடி மாட்டிய நிமிஷத்திலிருந்து சுகெதா. உதைப்பது, உதைபடுவது, கூரையிலிருந்து குதிப்பது, குதித்த பிறகு கூந்தலை ஒதுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அடிதடிக்குப் பெண்களை விடாத காலத்தில் வந்த ஏற்பாடு இது. அந்தக் காலம் போனபிறகும் ஏற்பாடு போகவில்லை.

உள்ளே இருப்பவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. படம் முடிந்து ஜனங்கள் எழுந்து குடை தேடும்போது, கடைசியில் பொடி எழுத்தில் ஓடும். இந்தப் படத்தில் முதன்முறையாக, ஆரம்பத்திலேயே பெரிய எழுத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மூட்டு தேய்ந்துவிட்ட சுகெதாவுக்கு இதுதான் கடைசிப் படம். பெயர் பெரிதாக வந்தால் எங்கோ இருக்கும் மகள் பார்க்கக்கூடும் என்ற நினைப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மணமுறிவானால் பிள்ளை ஒருவர் பக்கம்தான். மற்றவர் அன்றோடு அந்நியர். சாயோ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவோடு போனவள். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்தப் பெரிய எழுத்துக்கும் சுகெதாவுக்கும் குறுக்கே நின்றவர் தைகோன் ஜிரோ. 'அந்திக்கொக்கு' சித்திரக்கதையை எழுதி வரைந்தவர். எல்லோரும் மரியாதையாகச் சென்செய் என்று சொல்வது இவரைத்தான். புத்தக அட்டையில் ஆசிரியர் படம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு முள்ளங்கி இருக்கும், தைகோன் என்றால் முள்ளங்கி. ஹொக்கைதோவில் தனியாக வாழும் கிழவர் என்று சிலர் சொன்னார்கள், வேலையை விட்ட பள்ளிக்கூட வாத்தியார் என்று சிலர். நேரில் பார்த்த ஒரே ஆள் நாருமி. அவரைக் கேட்டால் தும்முவார்.

கதையில் அந்திக்கொக்கு பகலெல்லாம் சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் வேலை பார்ப்பாள். மாலையில் அரக்கர்களை அடிப்பாள். ஒவ்வொரு இதழிலும் கடைசிப் பக்கம் ஒன்றே ஒன்றுதான்: அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவாள். இடது கையில் துணியில் கட்டிய ஒரு மூட்டை. அதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது கை உடம்பை ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும். பாவம், ஆசிரியருக்குக் கை வரைய வராது என்று எல்லோரும் மன்னித்துவிட்டார்கள்.

கதையை மாற்றுங்கள், அரக்கனை மாற்றுங்கள், உடுப்பை மாற்றுங்கள், கவலையில்லை. அந்தக் கடைசி நடை மட்டும் சரியாக இருக்க வேண்டும், நான் பார்த்துத் தலையசைத்தால்தான் படம். இதுதான் முள்ளங்கியின் ஒரே நிபந்தனை. தயாரிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். நடைதானே என்று நினைத்துவிட்டார்கள்.

இயக்குநர் இகுசா உடனே ஒரு யோசனை கண்டுபிடித்தார்.

"முகம் மிரேய்க்கு, நடை உங்களுக்கு. ரெண்டும் எப்படி ஒட்டும்? நீங்க மிரேய் மாதிரி நடங்க சுகெதா-சான்."

மிரேய் பாட்டுக் கோஷ்டியிலிருந்து வந்த சின்னப் பெண். சுகெதா அவள் நடக்கும் இடமெல்லாம் பின்னால் நின்று கவனித்து, வீட்டுக் கூடத்தில் துள்ளித் துள்ளிப் பழகினார். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையைத் தட்டினார். இதற்கிடையில் மிரேயை அனுப்பிய நிறுவனம் அவளிடம், நீ சுகெதா-சான் மாதிரி நட என்று சொல்லியிருந்தது. அவள் நல்ல உழைப்பாளி.

தாமா நதிக் கரையில் படம் பிடித்தபோது சுகெதா மேடைப் பாட்டுக்காரி மாதிரி துள்ளினார். மிரேய் காலை அகட்டிக்கொண்டு, கரையின் படிக்கட்டு வந்ததும் நின்று, இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"ஏம்மா முட்டியப் பிடிச்சுக்கறே?" என்றார் சுகெதா.

"நீங்க பிடிச்சுக்கறீங்களே. அது அவளோட சோகம்னு நெனச்சேன்."

"அது மூட்டுவலிம்மா."

நாருமி கொண்டுவந்த பெட்டி சற்றுப் பெரிதாக இருந்தது. "இப்போ ரெண்டு பேரும் அவ இல்லன்னு சென்செய் சொல்றாங்க."

"அப்போ நிஜப் பொம்பளைங்களைப் பாருங்க" என்றார் இகுசா. "கடைத்தெருவுக்குப் போங்க. சாயங்காலம் காய் வாங்கிட்டு வீட்டுக்குப் போறவங்களைப் பார்த்துப் படிங்க."

சுகெதா போனார். ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில், பையிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு அம்மாள் விறுவிறுவென்று போனாள். நல்ல நடை. சுகெதா பின்னால் போனார். மீன் கடையில் நின்றாள், நின்றார். தோஃபு கடையில் திரும்பினாள், திரும்பினார். மூலையில் இருந்த போலீஸ் பூத்துக்குள் அந்த அம்மாள் நுழைந்தாள். அங்கேயும் நுழைந்திருப்பார், அதற்குள் காவலர் வெளியே வந்துவிட்டார்.

"மீன் கடையிலேர்ந்து இந்த அம்மா பின்னாடி வர்றீங்களாமே."

"நடையைப் பார்த்துட்டு வர்றேன்."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒரு பொம்பளை. அதாவது, சினிமாவுல."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நடந்து காட்டுங்க."

பூத்துக்கு முன்னால் சுகெதா நடந்து காட்டினார். கும்பல் சேர்ந்தது. வெங்காயத்தாள் அம்மாளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"நான் எங்க இப்படி இடுப்பை ஆட்டினேன்? இப்படி ஆடிட்டுப் போனா எங்க வீட்ல அடுப்பு எரியுமா?"

"எங்க இதுல களைப்பு? கால்ல வலி எங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி. "ஏங்க, உங்க வீட்டம்மா எப்படி நடப்பாங்க? அதைப் பார்த்து நடிச்சா போச்சு. எங்களை ஏன் பயமுறுத்தறீங்க?"

"வீட்டம்மா இல்லைங்க. போய்ட்டா."

"இருந்தப்போ எப்படி நடந்தாங்க?"

சுகெதா வாயைத் திறந்தார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், எல்லாரையும் போலத்தான் என்று சொல்லிவிட்டு நாலு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டு வந்து சேர்ந்தார்.

அந்த வாரப் பெட்டியை நாருமியால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. "யாரோ ஒருத்தி மாதிரி இருக்காம். அவ யாரோ ஒருத்தி இல்லையாம்."

பிறகு விஷயம் பணம் போட்டவர்கள் கைக்குப் போனது. நடை சரியில்லை என்றால் பார்ப்பவர் கண்ணை நடையிலிருந்து திருப்புங்கள் என்றார்கள் அவர்கள். பொம்மை செய்பவர் சிறகில் விளக்கு எரிய வேண்டும் என்றார். முகப்பூச்சு விற்பவர் குதிகால் உயர வேண்டும் என்றார். வலது கையை ஒழுங்காக வீசி நடக்கச் சொல்லுங்கள், சித்திரக்கதையில் இருக்கிற தப்பை நாமும் செய்ய வேண்டுமா என்றார் மூன்றாமவர். சுகெதா எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்றார், ஒவ்வொரு ஆகட்டுமுக்கும் ஒரு இனிப்புச் சாப்பிட்டார்.

அதனால் படப்பிடிப்பன்று உடுப்பின் முதுகு ஜிப் மேலே வரவில்லை. உடையலங்காரப் பெண் முட்டியை அவர் முதுகில் ஊன்றி இழுத்தாள்.

"மூச்சு விடாதீங்க, சுகெதா-சான்."

"எவ்வளவு நேரம்?"

"படம் முடியற வரைக்கும்."

விளக்கெரியும் சிறகோடும் உயர்ந்த குதிகாலோடும் நதிக்கரையில் அடியெடுத்து வைத்தார். ஜிப் கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளந்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தன. வேஷத்துக்குள் ஆள் இருப்பதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் மீற முடியாத சட்டம். ஆட்கள் குடைகளோடு ஓடிவந்து மறைத்தார்கள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"டீச்சர், கொக்கு ஒரு தாத்தாவை முழுங்கியிருக்கு" என்று ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

அன்று நாருமி கொண்டுவந்தது இரண்டடுக்குப் பெட்டி. "இது கொக்குகூட இல்லன்னாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தவர், சுகெதா பெட்டியை வாங்காமலே நின்றதால் அப்படியே வெகுநேரம் நின்றார்.

இகுசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் வருத்தம்தான். "நடையைக் கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க சுகெதா-சான். உங்க பேரு பழையபடி கடைசியில வரும். நாளைக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கறேன். உங்க இஷ்டப்படி நடங்க."

வீட்டுக்கு வந்த சுகெதா அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்தக் குக்கரை வாங்கியது மனைவி கினுயே போனதற்கு மறுநாள்.

பெண் நடையைப் பழக அந்த நாளில் அவர் கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நடப்பார். மடித்த துணிகளோடு கடந்து போன கினுயே ஒருநாள் சிரித்துக்கொண்டே, "என்னை மாதிரி ஒரு தடவை நடந்து காட்டுங்களேன்" என்றாள்.

"உன் நடையில என்ன இருக்கு?" என்றார் அவர். கண்ணாடியிலிருந்து திரும்பாமல் சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். விளையாட்டுக்கு இல்லை.

அவள் போன அன்று அவர் தொலைக்காட்சியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணாக நடந்து போகும் காட்சி. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பின்னால் கினுயே, "நாங்க கிளம்பறோம்" என்றாள். "ம்" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குக்கரையும் எடுத்துப் போயிருக்கிறாள் என்பதே பசித்தபோதுதான் தெரிந்தது. ஊரிலுள்ள பெண்களெல்லாம் எப்படி நடப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்திருந்தால் இவளுடையதும் தெரிந்திருக்கும். திரும்பாமல் போனோமே என்று குக்கர் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அதே குக்கரைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு நதிக்கரைக்குக் கொண்டுபோனார்.

"மூட்டையில என்ன?" என்றார் இகுசா.

"சோத்துக் குக்கர்."

"உலகத்தைக் காப்பாத்தறவ சோத்துக் குக்கரையா தூக்கிட்டுப் போவா?"

"கனம் வேணும்ல, சார்."

விளக்கில்லாத பழைய சிறகு. தட்டையான செருப்பு. ஜிப் போகாத இடத்தில் ஊக்கு. சுகெதா குக்கரை இடது கையில் எடுத்தார், ஏனென்றால் கினுயே இடக்கைக்காரி, கனமானதை எப்போதும் அந்தக் கையில்தான் எடுப்பாள். அது தனக்கு ஞாபகம் இருந்ததில் அவருக்கே ஆச்சரியம். அப்படியென்றால் குழந்தை வலது பக்கம். வலது கையைக் கொஞ்சம் விலக்கிக் கீழே நீட்டினார். விரல்களைப் பாதி மூடினார். குழந்தையால் கூடவே எட்டி நடக்க முடியாது, அதனால் அடியைக் குறுக்கினார். திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு இடத்தில் நடை தளர்ந்தது. திரும்பவில்லை. பின்னால் கூப்பிட ஆள் இல்லாதபோது எதற்குத் திரும்புவாள்?

கட் என்று சொல்ல இகுசா மறந்துவிட்டார். சுகெதா பாலம் வரைக்கும் போய்விட்டார். முகமூடியை அவர் வெகுநேரம் கழற்றவில்லை.

"அந்த வலது கை ஏன் அப்படிப் போச்சு?" என்று மிரேய் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

இரண்டு நாள் கழித்து நாருமி வந்தார். சுகெதா தன் பொருள்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் முதலில் பெட்டியைப் பார்த்தார். பெட்டி இல்லை. இரண்டு கையும் காலி.

"என்ன நாருமி-சான், மன்னிப்புக் கேக்கற அளவுகூட நான் தேறலையா?"

நாருமி குனியவில்லை. தும்மவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"சென்செய் படத்துக்குச் சம்மதிச்சதே, உள்ள நீங்கதான் இருக்கணும்னு சொல்லித்தான். இதை இவ்வளவு நாள் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"நானா? என்னை எதுக்கு? அந்தப் பெரியவருக்கு என்னை எப்படித் தெரியும்?"

"மூட்டையில குக்கர்தான் இருக்குன்னு அவங்க இதுவரைக்கும் என்கிட்டகூட சொன்னதில்ல" என்றார் நாருமி. "அன்னிக்கு அந்த வலது கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனது தான்தான்னு அப்பாகிட்ட சொல்லச் சொன்னாங்க."